ஏழாம் நாள் ரத்தம்

பிள்ளைகளா, போன பொங்கலுக்கு நீங்கள் இருவரும் வந்திருந்தபோது உங்கள் சித்தப்பா உங்களிடம் ஒன்று சொன்னான். "ஒங்கப்பா இல்லன்னா நான் இன்னிக்குப் பொங்கல் திங்க இருந்திருக்க மாட்டேன்" என்றான். பெரியவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சின்னவன் என் தோளைத் தட்டினான். நான் கரும்பைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். ஊரிலும் அப்படித்தான் சொல்கிறார்கள், அண்ணன் தம்பியைக் காப்பாற்றினான் என்று. அது பொய். மற்றவர்கள் நம்பினால் நம்பிக்கொள்ளட்டும். நீங்கள் என் தோளைத் தட்டுகிற அளவுக்கு நம்புவது எனக்குத் தாங்கவில்லை. நேரில் சொல்ல வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடி முடிந்து ஆவணி பிறந்த சமயம். அப்போது போனில் உங்களிடம் சித்தப்பாவுக்கு மஞ்சள் காமாலை என்று மட்டும் சொன்னோம். பெரியவளுக்குப் பரீட்சை, சின்னவன் ஹாஸ்டலில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. உங்களைக் கலங்க வைக்க வேண்டாம் என்று உங்கள் அம்மாதான் சொன்னாள்.

சித்தப்பா குடிப்பான் என்பது உங்களுக்குத் தெரியும். எவ்வளவு என்று தெரியாது. டிராக்டரை வாய்க்கால் கரையில் நிறுத்திவிட்டுப் பகல் பன்னிரண்டு மணிக்குக் கடை திறக்கும்போதே போய் நிற்பான். கடை திறக்காத நேரத்துக்கு விற்கிறவன் ஒருவன் இருக்கிறான், அவனிடமும் வாங்குவான். கடைக்குப் பின்னால்தான் நம் வாய்க்கால் ஓடுகிறது. பிளாஸ்டிக் தம்ளர், தண்ணீர் பாக்கெட், ஊறுகாய்த் தாள், பாதி தின்று எறிந்த அவித்த முட்டை எல்லாம் மிதந்து வந்து நம் மதகில் அடைத்துக்கொள்ளும். மண்வெட்டியால் இழுத்துப் போடும்போது, இதில் எத்தனை தம்ளர் நம் வீட்டுடையது என்று நினைப்பேன். நினைத்துவிட்டுத் தண்ணீரைப் பாய்ச்சிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் டிராக்டரை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விடுவானோ, உழவுக்கு வெளியாளைத் தேட வேண்டுமோ என்ற எண்ணம்தான்.

தலையணை உறை மஞ்சளாகிறது என்று முதலில் கவனித்தது உங்கள் சித்தி. துவைத்தாலும் போகவில்லை. அப்புறம் கண். அப்புறம் வயிறு பானை மாதிரி உப்பி, கால் இரண்டும் வீங்கி, ஒரு நாள் டிராக்டரிலிருந்து இறங்கும்போது வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் வேனில் இரண்டு முறை வாந்தி. பித்தமும் சாராயமும் கலந்த அந்த வீச்சம் என் சட்டையிலிருந்து போக ஒரு வாரம் ஆனது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சித்திதான் தன் முந்தானையில் ஏந்தினாள்.

ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு நம் பெரியவளைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். இரண்டு நாள் எல்லாச் சோதனையும் எடுத்துவிட்டு, மூன்றாம் நாள் காலையில் என்னையும் சித்தியையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். ரத்தத்தில் இன்னின்னது பார்த்தோம் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். பிலிருபின் என்பது மஞ்சள். நல்ல மனிதருக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும், இவனுக்குப் பத்தொன்பது. ஐ.என்.ஆர். என்பது ரத்தம் உறைகிற நேரம், அதுவும் இழுத்துக்கொண்டே போகிறது. கிரியேட்டினின் சிறுநீரகத்துக்கு. சோடியம் என்பது உப்பு. எல்லாவற்றையும் போனில் போட்டுத் தட்டினார், ஒரு எண் வந்தது. இருபத்தெட்டு.

"இருபத்தெட்டுன்னா நல்லதாங்க, கெட்டதாங்க?" என்று கேட்டேன்.

"கூடக் கூடக் கெட்டதுங்க. நாப்பது வரைக்கும் போகும். இவரு ஈரல் ரொம்ப மோசமாத்தான் இருக்கு. நான் மறைக்க விரும்பல."

"பொழைப்பாரா?" என்று சித்தி கேட்டாள்.

"இந்த நம்பர் இவரப் பத்திச் சொல்லாதும்மா. இவர மாதிரி ரத்தம் இருந்தவங்க நெறைய பேரப் பாத்து, அதுல யாரு யாரு தாண்டுனாங்கன்னு கணக்கெடுத்து வெச்சது. அந்தக் கூட்டத்துல ஒங்க வீட்டுக்காரரு எந்தப் பக்கம் நிக்கிறாருன்னு இதுக்குத் தெரியாது."

"அப்ப எப்பத்தான் தெரியும்?" என்றேன்.

"இன்னிக்கு ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பிக்கிறோம். ஏழாம் நாள் திரும்ப ரத்தம் எடுப்போம். மஞ்சள் நல்லா எறங்கியிருந்தா மருந்து கேக்குதுன்னு அர்த்தம், தொடருவோம். எறங்கலன்னா நிறுத்திடுவோம், அதுக்கு மேல குடுத்தா மருந்தே கெடுதல். அது வரைக்கும் நானும் காத்திருக்கணும், நீங்களும் காத்திருக்கணும். நடுவுல வேற எங்கயும் தூக்கிட்டுப் போயிடாதீங்க. அதுதான் நான் கேட்டுக்கிறது."

எனக்கு நன்றாகப் புரிந்தது. சந்தேகம் இருந்ததை இரண்டாவது தடவை கேட்டும் தெரிந்துகொண்டேன். புரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

இப்போது மேலத்தெரு பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் என் பெரியப்பா மகன், நமக்கு நெருங்கிய பங்காளி. அவர் மகள் கல்யாணம் அந்த ஆவணியின் கடைசி முகூர்த்தத்தில் வைத்திருந்தது. மாப்பிள்ளை சிங்கப்பூரில் வேலை, லீவு முடிந்தால் அடுத்த லீவு எப்போது என்று அவருக்கே தெரியாது. ஆவணி போனால் புரட்டாசி, அதில் தாலி கட்ட மாட்டார்கள். இந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் கூடி வந்து தட்டிப்போனது. பெரியப்பாவின் கவலை பொய்க் கவலை இல்லை. அதையும் நான் எழுதாமல் விட்டால் நியாயம் இல்லை.

பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரை நம் எல்லோருக்கும் தீட்டு. கோயில் படி ஏறக் கூடாது, நல்ல காரியம் கூடாது. இது உங்களுக்குத் தெரிந்ததுதான். மாத்திரை ஆரம்பித்த நாளை ஒன்று என்று வைத்துக்கொண்டால் கல்யாணம் இருபத்து நான்காம் நாள்.

மூன்றாம் நாள் மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும்போது பெரியப்பாவும் பெரியம்மாவும் காரில் வந்தார்கள். வார்டுக்குள் பெரியம்மா வாசலோடு நின்றுவிட்டாள். பெரியப்பா கட்டில் வரை போய்ப் பார்த்துவிட்டு வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். வெளியே கேன்டீன் பக்கம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். பெரியம்மா டீயும் போண்டாவும் வாங்கி வரச் சொன்னாள்.

"என்னதாம்ப்பா சொல்றாங்க?" என்றார் பெரியப்பா.

"ரத்தத்த வெச்சு ஒரு நம்பர் போட்டிருக்காங்கண்ணே. இருபத்தெட்டாம்."

"இருபத்தெட்டு நாளா?" என்று பெரியம்மா கேட்டாள். கேட்கும்போதே அவள் முகம் தெளிந்துவிட்டது.

"நாள் இல்ல அண்ணி. மார்க்கு மாதிரி. கூடக் கூட மோசம்."

முகம் மறுபடி வாடிவிட்டது. போண்டாவைப் பிட்டுச் சட்னியில் தோய்த்துக்கொண்டே, "மார்க்கு போட்டு என்னத்த ஆகப் போவுது, நாளுல்ல தெரியணும்" என்றாள்.

பெரியப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்தார். முன்பக்கம் மஞ்சள் தடவிய பிள்ளையார். பின்பக்கம் வெறும் வெள்ளை. அதில் ஒன்று முதல் இருபத்து நான்கு வரை வரிசையாக எழுதினார். எட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"பாரு. இதுக்குள்ள ஆனா நமக்கு எடைஞ்சல் இல்ல. பதினாறு முடிஞ்சு மறுநாள் முகூர்த்தம். இருபத்து நாலு தாண்டி ஆனாலும் எடைஞ்சல் இல்ல. நடுவுல ஆச்சுன்னாதான்."

ஆனா, ஆச்சுன்னா. அந்த இடத்தில் இருக்க வேண்டிய வார்த்தையை அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பத்திரிகையை என் கையில் கொடுத்தார். நான் வாங்கி விரல் விட்டு எண்ணினேன். எட்டாம் நாளை ஒன்று என்று வைத்து இருபத்து மூன்று வரைக்கும் எண்ணினேன்.

"சரியாத்தாண்ணே வருது" என்றேன்.

பத்திரிகையைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் உள்பக்கம் கண்ணில் பட்டது. நல்வரவை விரும்பும் உறவினர்கள் பட்டியலில் என் பெயர் இருந்தது, அதற்குக் கீழே உங்கள் சித்தப்பா பெயர். அவன் பெயரை அச்சடித்த தாளின் முதுகில்தான் அவன் போக வேண்டிய நாளைக் குறித்திருந்தோம். அது எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனால் டீயைக் குடித்தேன். முழுவதும் குடித்தேன்.

அதற்கடுத்த இரண்டு நாள் நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஈரல் வேலை செய்யாதபோது உடம்பின் கழிவு தலைக்கு ஏறுமாம், அது இறங்குவதற்கு ஒரு சிரப் கொடுப்பார்கள், அதைக் குடித்தால் வயிறு போய்க்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஆறு தடவை. அவனுக்கு எழுந்திருக்கத் தெம்பு இல்லை. புத்தி தெளிவாக இல்லை. கையை நீட்டினால் கோழி இறக்கை அடிப்பது மாதிரி மணிக்கட்டு தட்டும். "மதகத் தெறந்துவுடுடா, நாத்து காயுது" என்று என்னைப் பார்த்துச் சொல்லுவான், நான் யார் என்று தெரியாமல். சித்தி ஒவ்வொரு தடவையும் அவனைப் புரட்டித் துடைத்து, துணி மாற்றி, வாளியை எடுத்துக்கொண்டு போய் அலசிவிட்டு வருவாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். நான் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றேன். ஒரு தடவைகூட அந்த வாளியை நான் தொடவில்லை. ஆண்பிள்ளை தொடக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை.

வராந்தாவில் நின்று நான் என்ன செய்தேன் என்றால் நாளை எண்ணினேன். இன்று நான்கு. இன்று ஐந்து.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்குப் பெரியப்பா மட்டும் வந்தார். இந்தத் தடவை வார்டுக்குள் போகவில்லை. என்னை மாடிப்படிக்குக் கீழே கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, நா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. இப்புடி ஊர் பேர் தெரியாதவன் கட்டிலுக்கு நடுவுல, குழாயும் ஊசியுமா அவன் போகணுமா? நம்ம வீட்டுக்குக் கொண்டுபோயிடுவோம். நம்ம வாசல்ல, நம்ம சனத்துக்கு நடுவுல. வாயில ரெண்டு சொட்டுப் பால் ஊத்த ஆள் இருக்கும்போது அவனுக்கு என்ன தலையெழுத்து?"

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை. வீட்டில் உயிர் போக வேண்டும் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் உள்ள ஆசைதான், நம் தாத்தாவையும் அப்படித்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் தாத்தாவைக் கொண்டுவரும்போது ஏழாம் நாள் ரத்தம் என்று ஒன்று பாக்கி இல்லை. மருந்தையும் ஊசியையும் நிறுத்திக் கொண்டுபோனால் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். ஐந்தும் மூன்றும் எட்டு. அவர் அதைச் சொல்லவில்லை. நான் மனதுக்குள் கூட்டிக்கொண்டேன்.

"டாக்டரம்மா ஏழு நாள் பாக்கச் சொன்னாங்கண்ணே" என்றேன். சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

"அவங்க ஆயிரம் சொல்லுவாங்க. ஒனக்குத் தெரியாதா, அவன் மொகத்துல எழுதியில்ல இருக்கு."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் என்னை வற்புறுத்தவில்லை. நானாக மாடி ஏறிப் போய் நர்ஸம்மாவிடம், வீட்டுக்கு அழைத்துப் போகிறோம் என்றேன்.

"இன்னும் ரெண்டே நாள் சார். ரத்தம் பாத்துட்டு முடிவு பண்ணலாமே. டாக்டரம்மா ரவுண்ட்ஸ்ல இருக்காங்க, வரட்டும்" என்றார் அவர்.

"இல்லம்மா. வீட்டுல எல்லாரும் பேசி முடிவு பண்ணியாச்சு."

வீட்டில் எல்லோரும் என்பது யார்? உங்கள் அம்மாவிடம்கூட நான் கேட்கவில்லை. நர்ஸம்மா ஒரு தாளைக் கொடுத்தார். நோயாளியின் நிலை எங்களுக்கு விளக்கப்பட்டது, எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் அழைத்துச் செல்கிறோம், பின்விளைவுகளுக்கு நாங்களே பொறுப்பு என்று அச்சடித்திருந்தது. முழுவதும் படித்தேன். உறவுமுறை என்ற இடத்தில் அண்ணன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து எப்போதும் கொஞ்சம் கோணலாக இருக்கும். அன்றைக்கு நன்றாக வந்தது.

பெரியப்பா கீழே வேனுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். நர்ஸம்மா ஊசியைக் கழற்றப் பஞ்சை எடுத்துக்கொண்டு கட்டிலிடம் போனபோது சித்தி வாளியோடு வந்தாள். புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தாள். கையெல்லாம் டெட்டால் வாடை.

"என்னக்கா பண்றீங்க?" என்று நர்ஸம்மாவைக் கேட்டாள்.

"டிஸ்சார்ஜ் கேட்டு எழுதிக் குடுத்துட்டாங்களேம்மா."

"யாரு?"

நர்ஸம்மா என்னைப் பார்த்தார். சித்தி வாளியைக் கீழே வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள், தண்ணீர் சிந்தவில்லை.

"நீங்களா மாமா?"

"வீட்டுல வெச்சுப் பாத்துக்கலாம்மா. அண்ணனும் அதான் சொன்னாரு. இங்க இருந்து என்ன—"

"வீட்டுல ஏழாம் நாள் ரத்தம் யாரு எடுப்பா? அண்ணனா?"

"இன்னிக்கு அஞ்சுதானே ஆவுது. ரெண்டு நாள்ல ஒங்களுக்கு என்ன அவசரம்? முந்தாநாள்லேருந்து நீங்க அந்த வராண்டாவுல வெரல மடக்கி மடக்கி எண்ணுறத நான் பாக்கலன்னு நெனச்சீங்களா? கல்யாணத்துக்கு நாள் குறிச்சது ஜோசியரு. என் புருசனுக்கு நாள் குறிக்கிறது நீங்களா?"

சத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில் அம்மாள் திரையை விலக்கி எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். சித்தி கட்டிலின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்து, மருந்து ஏறிக்கொண்டிருந்த அவன் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அக்கா, பொண்டாட்டி நாந்தான். நான் எந்தத் தாள்லயும் கையெழுத்துப் போடல. இத யாராச்சும் கழட்டணும்னா என்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிடுங்க."

டாக்டரம்மா வந்தார். இரண்டு பேரிடமும் கேட்டார். மனைவி வேண்டாம் என்று சொன்னால் அவர் பேச்சைத்தான் எடுத்துக்கொள்வோம் என்றார். நான் கையெழுத்துப் போட்ட தாளின் குறுக்கே பேனாவால் ஒரு கோடு போட்டு அதைக் கோப்பிலேயே வைத்துவிட்டார். என்னைத் திட்டவில்லை. தினமும் இப்படி ஒரு அண்ணனைப் பார்க்கிறவர் போல அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அந்த நேரம் எனக்கு வெட்கம் வந்திருந்தால்கூட இன்றைக்குக் கொஞ்சம் தலை நிமிர்ந்து எழுதுவேன். எனக்குக் கோபம்தான் வந்தது. நாலு பேர் முன்னால் தம்பி பெண்டாட்டி இப்படிப் பேசிவிட்டாளே என்ற கோபம். கீழே வேனைச் சொல்லிவிட்டு நிற்கிற பெரியப்பாவிடம் என்ன சொல்வது என்ற கவலை. அவரிடம் போய், "பொம்பள ஒத்துக்க மாட்டேங்குறா" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அவ அறியாதவ" என்றார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஏழாம் நாள் காலை ஆறு மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். பதினொரு மணிக்கு டாக்டரம்மா கூப்பிட்டார். சித்தி எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"பத்தொன்பது இருந்தது பதினொண்ணா எறங்கியிருக்கு. கிட்னியும் பரவாயில்ல. மருந்து கேக்குது. தொடரலாம்."

"பொழைச்சிட்டாருன்னு வெச்சுக்கலாமா டாக்டர்?" என்றாள் சித்தி.

"அப்புடிச் சொல்ல மாட்டேம்மா. இன்ஃபெக்‌ஷன் வந்தா எல்லாம் மாறிடும். ஆனா எந்தப் பக்கம் நிக்கிறாருன்னு அன்னிக்குத் தெரியலன்னு சொன்னேன்ல. இன்னிக்குக் கொஞ்சம் தெரியுது."

சித்தி தலையைக் குனிந்து அழுதாள். பிள்ளைகளா, இந்த இடத்தை எழுதத்தான் நான் இரண்டு நாளாகத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கூடப் பிறந்தவன் ரத்தம் தெளிகிறது என்று காதில் விழுந்த அந்த நொடியில் என் மனதில் முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. ஐயோ, இனிமேல் ஏதாவது ஆனால் நடுவில் அல்லவா விழும், அதுதான் வந்தது. எட்டுக்கும் இருபத்து நான்குக்கும் நடுவில். அது வந்த பிறகுதான் சந்தோஷம் வந்தது. பின்னால் வந்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பெரியப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"அப்ப இருபத்து நாலு வரைக்கும் தாங்கும்ல?" என்றார்.

அன்று முதல் எல்லோரும் மாறிவிட்டார்கள். அவன் எட்டுக்குள் போனால் தேவலை என்றிருந்தவர்கள் எல்லோரும் அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். பெரியம்மா மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். பெரியப்பா ஒரு குலை இளநீர் அனுப்பினார். தினமும் காலையில் ரத்தம் வந்துவிட்டதா என்று போன் வரும். இன்றைக்கு ஒன்பது, இன்றைக்கு எட்டரை என்று நானும் சொல்லுவேன், ஆற்றில் இன்றைக்கு இவ்வளவு தண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்று சொல்வதுபோல. அத்தனை வேண்டுதலும் முகூர்த்தத் தேதி வரைக்கும்தான் என்பது எனக்குத் தெரியும். அந்த இளநீரை நான் வெட்டிக் கொடுத்தேன்.

பத்தொன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் கொஞ்சம் தொங்கி, கண்ணில் இன்னும் மஞ்சள் மிச்சம் இருந்தது. புத்தி தெளிந்துவிட்டது. கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் பெரியப்பா தாம்பாளத்தோடு அவனை அழைக்க வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அவன் தோளில் கை போட்டார்.

"ஒங்கண்ணன் மட்டும் இல்லன்னா நீ ஏது? ராப்பகலா ஆஸ்பத்திரி வாசல்லயே கெடந்தான்டா மனுசன்" என்றார்.

எதற்காக அப்படிச் சொன்னார் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். என் வாயை அடைக்கவா, தன் மனதை ஆற்றிக்கொள்ளவா? ஒருவேளை அவர் நிஜமாகவே அப்படி நம்பத் தொடங்கிவிட்டாரோ என்னவோ. உங்கள் சித்தப்பா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அவன் உள்ளங்கை காகிதம் மாதிரி இருந்தது. அவனுக்கு ஆஸ்பத்திரியில் நடந்த எதுவும் நினைவில்லை. "அண்ணே" என்றான்.

சித்தி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். இப்போது சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு நாள் பாரம் இருந்திருக்காது. அவள், "மாமாவுக்கு மோர் தரவா?" என்று மட்டும் கேட்டாள். இன்று வரைக்கும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. என்னை நல்லவனாக்க அல்ல, அவனுக்கு அண்ணன் என்று ஒருவன் இருக்கட்டும் என்றுதான் என்று நினைக்கிறேன். அதனால் அவனிடம் நீங்களும் சொல்ல வேண்டாம். என் தோளைத் தட்டாமல் இருந்தால் போதும்.

அவன் குடியை விட்டுவிட்டான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுக்கத் தஞ்சாவூர் போகிறான். கூட வருகிறேன் என்று நானும் சொல்வேன், சித்தி வேண்டாம் மாமா, நானே போய்க்கொள்கிறேன் என்பாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. பந்தலில் பெரியப்பா பங்காளிகளை வரிசையாக நிற்க வைத்து ஆளுக்கு ஒரு வேட்டி கொடுத்தார். எனக்குக் கொடுக்கும்போது மட்டும் நாலு பேருக்குக் கேட்கும்படி, "தம்பியக் கரை சேத்தவன்" என்றார். கை கூப்பி வாங்கிக்கொண்டேன். எட்டு முழம், சரிகைக் கரை, நல்ல கனமான வேட்டி. பந்தியில் உட்கார்ந்தேன். பருப்பில் நெய்யை ஊற்றியதும் எனக்கு அந்த வார்டு வாடை வந்துவிட்டது. பிசைந்த சோற்றை இலையிலேயே மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் தனியாக வயலுக்குப் போனேன். நம் டீசல் எஞ்சினில் எண்ணெய் கசிந்து அடியெல்லாம் கறுப்பாக அப்பிக் கிடந்தது, அதைத் துடைக்க வேண்டியிருந்தது. அந்த வேட்டியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். புது வேட்டி கஞ்சியோடு விறைப்பாக இருந்தது, எண்ணெயை உறிஞ்சவில்லை, சும்மா வழித்துக்கொண்டே போனது. வாய்க்காலில் இறங்கி அதை நனைத்துப் போட்டு, காலால் மிதித்து மிதித்துக் கஞ்சியை எடுத்தேன். பிழிந்து வரப்பில் காயப் போட்டேன். காய்ந்ததும் பல்லால் கரையைக் கடித்து நான்காகக் கிழித்து, உட்கார்ந்து எஞ்சினைத் துடைத்தேன்.